மகாலட்சுமி விளையும் ஊர்!

புதுமனை புகும்போது உப்பையும் மஞ்சளையும்தான் முதலில் எடுத்துப் போகிறோம். வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் மகாலட்சுமி வீட்டுக்கு வருவாள் என்கிறோம். அந்த மகாலட்சுமி விளையும் இடத்தை ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டாமா, தோழிகளே?

புதுச்சேரி போகிற பலரும் மரக்காணம் உப்பளத்தை ஓடும் காரிலிருந்தே பார்த்து விடுகிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பேர், மாசி மாதத்தில் ஒரு நாள், உள்ளூர் ஆசிரியை ஒருவர் வழிகாட்ட நடந்தே சுற்றினோம்.

முதலில் பூமீஸ்வரர் கோயில். சோழர் காலக் கற்கோயில், கல்வெட்டுகள் நிறைய. இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்ற துறைமுகம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து.

அடுத்து பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திராவில் தொடங்கி, சென்னை வழியாக வந்து இங்கே முடிகிறது. 1877-78 பஞ்சத்தில் பசித்த மக்கள் கூலிக்கு மண் சுமந்துதான் சென்னையில் இதன் ஒரு பகுதியை வெட்டினார்களாம். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் போன வழி!

பக்கத்திலேயே கழுவெளி. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் பெரிய நீர்நிலை. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்; 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பனிக்காலத்தில் தூர தேசத்துப் பறவைகள் இரை தேடி வருகின்றன.

கடைசியாக உப்பளம். பாத்தியில் உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசுகிறது. அதில் நாள் முழுக்க நிற்பவர்களில் நம்மைப் போன்ற பெண்கள் நிறைய. காலெல்லாம் வெடிப்பு. "மழை வந்தா எல்லாருக்கும் சந்தோஷம், எங்களுக்கு அடுப்பு எரியாதும்மா" என்றார் ஒரு அக்கா. நாங்கள் நின்ற இடத்தில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை; அவசரத்துக்குப் போக மறைவிடமும் கிடையாது.

கோயிலைக் காக்கச் சட்டம் இருக்கிறது, பறவையைக் காக்கச் சரணாலயம் இருக்கிறது. உப்பு வாரும் பெண்ணுக்கு நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்க நல்ல தண்ணீர், ஒரு கழிப்பறை, இது பெரிய ஆசையா? சம்பந்தப்பட்டவர்கள் மனசு வைக்கட்டும். நாமும் அந்தப் பக்கம் போனால் கழுவெளியில் பிளாஸ்டிக்கைப் போடாமல், உப்புக்கு ஒரு ரூபாய்க்காகப் பேரம் பேசாமல் வருவோமே!

- ஒரு வாசகி, திண்டிவனம்.