மூன்று விரல் நுழைகிறதா?

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து, 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து முடித்து வீடு திரும்புகிறவரைப் பார்க்க வருவோர் "கட்டி போயிடுச்சா?" என்று விசாரிப்பார்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றாது. அவர் இனி எதைச் சாப்பிடுவார், எப்படிப் பல் துலக்குவார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் என ஆறேழு வாரம் நடக்கும். கட்டி இருந்த இடத்தோடு, தாடையை அசைக்கும் தசைகள் மீதும் அது படுகிறது. சிகிச்சை நின்ற பிறகும் அந்தத் தசைகளில் நார்த்திசு சேர்ந்து, மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகலாம். சாதாரணமாக மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே சுமார் 40 மி.மீ. திறக்கும், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்கலாம். 35 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்தால் 'டிரிஸ்மஸ்' என்கிறார்கள் மருத்துவர்கள்.

இதற்கு முக்கியமான வைத்தியம் பயிற்சி. தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, இழுவை தெரியும்வரை திறந்து, சில விநாடி நிறுத்த வேண்டும். தினமும் பலமுறை. பழகப் பழக ஒரு குச்சி கூட்டலாம். தையல் ஆறியதும் எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்க இறுகிய பின் விரிப்பது பெரும்பாடு.

கதிர்வீச்சால் உமிழ்நீரும் வற்றும். காரமும் புளிப்பும் எரியும்; குழைந்த மோர்ச் சோறுதான் இறங்கும். இந்த நேரத்தில் பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்துகிற வீடுகள் உண்டு. எடை இழந்த உடம்புக்கு அது செய்கிற கெடுதல் கொஞ்சமல்ல. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறையக்கூடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை தேவை.

உமிழ்நீர் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். அப்போது தெருமுனை கிளினிக்கில் பல்லைப் பிடுங்கிக்கொள்வதுதான் பேராபத்து. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைவு. புண் ஆறாமல் எலும்பே அழியலாம். எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், பல் மருத்துவரிடம் வாயைத் திறக்கும் முன்பே "எனக்குக் கரண்ட் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுங்கள்.