பர்ஸை வீட்டுல வச்சிட்டு, போனை மட்டும் எடுத்துட்டுப் போகலாமா?

டீக்கடை பாக்கிக்கே க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணும் காலத்தில், தடிமனான பர்ஸைத் தூக்கிக்கொண்டு அலைவது எதற்கு? நியாயமான கேள்விதான்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் போன் ஏறக்குறைய ஜெயித்துவிட்டது. 2016-ல் யுபிஐ வந்தது. 2022-ல் ரூபே கிரெடிட் கார்டையும் அதோடு இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது.

லைசென்ஸ், ஆர்.சி. புக்? டிஜிலாக்கரில் இருந்தால் போதும். அதை ஏற்கும்படி 2018-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் பலர் சொதப்புவது இங்கேதான். லைசென்ஸை போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது டிஜிலாக்கர் ஆகாது. டிஜிலாக்கருக்குள்ளேயும் இரண்டு பகுதி உண்டு. அரசுத் துறையிடமிருந்து நேரடியாக வரும் ஆவணங்கள் ‘இஷ்யூடு’ பகுதியில் இருக்கும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றுபவை தனி. ரயிலில் டிடிஇ கேட்டால் ‘இஷ்யூடு’ பகுதியில் உள்ள ஆதாரையோ லைசென்ஸையோ காட்டலாம். நாமே ஏற்றியது செல்லாது.

சரி, போனே தொலைந்துபோனால்?

இன்டர்வியூவுக்காக வெளியூர் போன ஒருவர் பஸ்ஸில் போனைப் பறிகொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் டூப்ளிகேட் சிம் வேண்டும். அதற்கு அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார் எண் தெரிந்தால் கைரேகை வைத்து வாங்கிவிடலாம். 12 இலக்கமும் எத்தனை பேருக்கு மனப்பாடம்? சிம் கிடைத்தாலும், மோசடியைத் தடுக்க முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. எஸ்எம்எஸ் இல்லாமல் ஓடிபி இல்லை. புது போனில் யுபிஐ ஆப்பைப் பதிவு செய்யவும் அதே சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். பாதுகாப்புக்காக யுபிஐ பின்னையும் மாற்ற நினைத்தால், டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் எக்ஸ்பைரி தேதியும் கேட்கும். ஆதார் வழியில் போனாலும் ஓடிபி வருவது அதே நம்பருக்குத்தான்.

அதாவது, கார்டுகளின் வேலையை போன் செய்துவிடும். ஆனால் தொலைந்த போனிலிருந்து மீண்டு வர கார்டு வேண்டும். அந்த ஒரு நாள் சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் ஏடிஎம் கார்டுதான் கதி.

போன் போனதும் வங்கிக்குச் சொல்லி யுபிஐயை நிறுத்தச் சொல்ல வேண்டும். பணம் திருடப்பட்டிருந்தால் 1930-க்கு அழைக்க வேண்டும். போலீஸில் புகார் கொடுத்த பிறகு, சிஇஐஆர் தளத்தில் ஐஎம்இஐ எண்ணை வைத்து போனையே முடக்கலாம். அதனால் அந்த எண்ணை இன்றைக்கே ஒரு பேப்பரில் எழுதி வைப்பது நல்லது.

ஒரு டெபிட் கார்டு, ஒரு அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம். இந்த மூன்றும் பையில் தனியாக இருக்கட்டும். போன் கவருக்குப் பின்னால் சொருகி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.