கன்னத் தசையில் புழுக்கட்டி

கன்னத்தில், ஆகாரத்தை மெல்லும் தசையினுள், வலியற்ற சிறு கட்டி தோன்றினால் பல் வீக்கமென்றே பலரும் எண்ணுகின்றனர். சிலருக்கு அது பன்றி நாடாப்புழுவின் குஞ்சு தங்கிய நீர்ப்பையாக இருப்பதுண்டு. "நாங்கள் பன்றி மாமிசத்தைத் தொட்டதே இல்லையே; எங்களுக்கு இது எப்படி வரும்?" என்று பள்ளிக்கரணைப் பக்கத்துக் கீரைத் தோட்டக்காரர் ஒருவர் வினவினார். விடை புழுவின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

புழுவின் வாழ்க்கை.— நீர்ப்பைகளுள்ள பன்றி மாமிசத்தைச் சரிவர வேகாமல் உண்பவரின் குடலில், 2 முதல் 7 மீட்டர் நீளமுள்ள நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் அவருடைய மலத்தோடு வெளிப்படும். அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசைகளில் மறுபடியும் நீர்ப்பைகள் உண்டாகும். இறைச்சிப் பரிசோதகர்கள் பன்றியின் தாடைத் தசை, நாக்கு, இருதயம் ஆகியவற்றைச் சோதிப்பது இதன்பொருட்டே. அதே முட்டைகள் கீரை, ஜலம், கழுவாத கை இவற்றின் வழியாக மனிதர் வயிற்றை அடைந்தால், பன்றிக்கு நேர்வதே மனிதருக்கும் நேரும். ஆகையால் மாமிசம் உண்ணாதவருக்கும் இவ்வியாதி வரும்.

அபாயம்.— தசையிலுள்ள கட்டியால் தொல்லை சொற்பம்; மூளையில் தங்கினால் வலிப்பு உண்டாகும். நம் தேசத்து வலிப்பு நோயாளிகள் பலரது மூளையில் காணப்பட்ட ஒற்றைச் சிறு கட்டியை க்ஷயரோகக் கட்டியென்றே முன்பு கருதினர். அது இப்புழுவினாலும் வருவதென வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1989-ல் எடுத்துக்காட்டினர். ஆதலால் கன்னக்கட்டி கண்டவர் தாமே பூச்சி மருந்து வாங்கி உண்ணலாகாது. மூளையிலும் கண்ணிலும் கட்டி உண்டா என்று பார்த்த பிறகே வைத்தியர் அல்பெண்டசோல் கொடுப்பார். அங்கே புழு சாகும்போது வீக்கம் கண்டு கெடுதி நேரலாம்.

செய்ய வேண்டியவை.—

1. தென்சென்னை ஏரிகளின் உபரி ஜலம் வந்து சேரும் பள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்பு. கழிவும் அதனோடு வரும். சாக்கடை கலந்த ஜலத்தைக் கீரைக்குப் பாய்ச்சலாகாது. பச்சை மலத்தை எருவாக இடலாகாது. முட்டைகள் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

2. வேலையாட்களுக்குக் கக்கூஸும், கை கழுவச் சோப்பும் அமைத்துத் தருவது நிலச்சொந்தக்காரர் கடமை.

3. பன்றிகளைத் தெருவில் விடாமல் பட்டியில் அடைத்து வளர்க்க வேண்டும். கிராம அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களாக. கால்நடை வைத்தியரிடம் இதற்கு ஆக்ஸ்பெண்டசோல் மருந்தைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் விசாரித்தறியலாம்.

4. மலத்தில் நாடாத் துண்டு கண்டவர் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அவர் ஒருவர் குணமடைந்தால் ஊரே தப்பும்.

நம் தோட்டத்துக் கீரை நாம் அறியாத வீடுகளுக்கெல்லாம் செல்கிறது. அதைச் சுத்தமாக விளைவிப்பது நம் பொறுப்பு.