பெட்டிக்குள் உறங்கிய மாஸ்கோ

1953 மார்ச் 9. மாஸ்கோவில் ஸ்டாலினின் இறுதி ஊர்வலம். கிரெம்ளினுக்கு எதிரே, மொகவாயா தெருவில் அன்று இயங்கிய அமெரிக்கத் தூதரகத்தின் மாடியில் ஒருவர் 16 மி.மீ. கேமராவுடன் தயாராக நின்றார். மேஜர் மார்ட்டின் மான்ஹாஃப், தூதரகத்தின் துணை ராணுவ அதிகாரி. கீழே மெல்ல நகர்ந்த கூட்டத்தை அவர் கலர் ஃபிலிமில் பிடித்துக்கொண்டார். சோவியத் அரசின் ஒளிப்பதிவாளர்களும் அன்று படமெடுத்தார்கள். அவர்கள் பதிவு செய்தது அரசு உலகுக்குக் காட்ட விரும்பிய துக்கம். மான்ஹாஃபின் சுருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனால் அந்தச் சுருள் பொதுமக்கள் பார்வைக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1952இல் மனைவி ஜேனுடன் மாஸ்கோ வந்த மான்ஹாஃபை, உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டி 1954இல் சோவியத் அரசு வெளியேற்றியது. ஊர் திரும்பியவர் ஸ்லைடுகளையும் சுருள்களையும் பெட்டிகளில் போட்டு மூடினார். தம்பதியர் இருவரும் காலமான பிறகு, முன்பு கார் பழுதுபார்க்கும் பட்டறையாக இருந்த ஒரு கட்டடத்தில் அவை கிடைத்தன. பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் டக்ளஸ் ஸ்மித். ரஸ்புடின் பற்றியும் புரட்சிக்குப் பின் சிதறிய ரஷ்யப் பிரபுக்கள் பற்றியும் நூல்கள் எழுதிய வரலாற்றாசிரியர். 2017இல் படங்கள் வெளியாயின.

இறுதி ஊர்வலக் காட்சிதான் செய்தியானது. ஆனால் நின்று பார்க்க வைப்பவை மற்ற படங்கள். பழுப்பு நிறச் சீருடையும் ஏப்ரனும் அணிந்த பள்ளிச் சிறுமிகள். தலையில் முக்காடிட்ட பெண்கள். ரயில் ஜன்னல் வழியே அவசரமாகப் பிடித்த கிராமத்து மரவீடுகள். கீவ், யால்டா, லெனின்கிராட் என்று மான்ஹாஃப் போக முடிந்த ஊர்கள். அனுமதியின்றி மாஸ்கோவை விட்டுத் தொலைவில் செல்ல வெளிநாட்டுத் தூதரகத்தாருக்கு உரிமை இல்லாத காலம் அது. ரயில் பயணம் என்றால் கண்காணிப்பும் கூடவே வரும்.

இவற்றைப் பார்ப்பவருக்கு முதலில் ஒரு சின்னத் திகைப்பு. ஸ்டாலின் காலம் என்றதும் மனதில் எழுவது கறுப்பு வெள்ளைதான். வானம் நீலமாக இருந்தது என்பதே செய்தி போலத் தோன்றுகிறது! இதற்குக் காரணம் அரசியல் மட்டுமல்ல, வேதியியலும்தான். போருக்குப் பின் ஜெர்மனியின் வோல்ஃபனில் இருந்த அக்ஃபா தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சோவியத் யூனியன் பெயர்த்துக்கொண்டு போய் உக்ரைனின் ஷோஸ்த்காவில் நிறுவியது. அப்படியும் சாதாரணக் குடிமகனின் கைக்குக் கலர் ஃபிலிம் எளிதில் எட்டவில்லை. வண்ணம் பெரும்பாலும் பத்திரிகைகளுக்கும் சினிமாவுக்கும், அதாவது அரசுக்கு உரியதாக இருந்தது.

அந்த அரசு வண்ணம் தமிழர்களுக்கும் பழக்கமானதே. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள் எத்தனையோ பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையாயிற்று. அதில் டிராக்டர் ஓட்டுநர்கூடப் புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை போலப் பளிச்சென்று சிரிப்பார். மான்ஹாஃப் எடுத்த மனிதர்கள் அப்படிச் சிரிப்பதில்லை. சிலர் கேமராவைச் சந்தேகத்துடன் பார்க்கிறார்கள். பலர் கவனிக்கவே இல்லை.

சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. கவனிப்பதுதான் ராணுவ அதிகாரியாகத் தூதரகத்தில் இருப்பவரின் வேலை. அவர் எடுத்த ரயில் பாதையையும் பாலத்தையும் எந்த அரசும் சுற்றுலாப் படம் என்று நம்பிவிடாது. அதே சமயம் மடாலயங்களும் தெருமுனைகளும் குழந்தைகளும் எந்தப் போர்த் திட்டத்துக்கும் உதவாதவை. ஓவியம் பயின்றவர் அவர். உளவாளியின் கண்ணா, ஓவியரின் கண்ணா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே நேர்மையான பதிலாக இருக்கும். அன்றைய மாஸ்கோவாசிகளில் மிகச் சிலரிடமே தங்கள் பிள்ளைப் பருவத்தின் கலர்ப் படம் இருந்திருக்கும். அந்த நினைவை அவர்களுக்காகச் சேமித்து வைத்தவர், அவர்களது அரசு நாட்டைவிட்டுத் துரத்திய ஓர் அந்நியர்.

வண்ணம் மங்காததற்குக் கோடாக்ரோம் ஃபிலிமே காரணம். 1935இல் அறிமுகமான இந்த ஃபிலிமில் சாயம் சுருளிலேயே இருக்காது, கழுவும்போதுதான் சேரும். இருட்டில் வைத்தால் பல பத்தாண்டு தாங்கும். ஆனால் கழுவுவது சிக்கலான வேலை. உலகில் அதைச் செய்துவந்த கடைசி ஆய்வகம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது, 2010 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. மான்ஹாஃப் தன் சுருள்களைக் கழுவாமல் போட்டு வைத்திருந்தால், ஸ்மித் பெட்டியைத் திறந்தபோது அந்தச் சிறுமிகளின் சீருடைப் பழுப்பை மீட்க வழி இருந்திருக்காது.