உடற்சூடும் உயிர் பிரிந்த நேரமும்

வீட்டினுள் நிகழுங் கொலைக்குச் சூழ்நிலையும் மருத்துவமுமே பெரும்பாலும் சான்றாவன. 1951 ஒக்டோபர் 9ஆம் நாள் துடுப்பாட்ட வீரர் சதாசிவத்தின் மனைவி கொழும்பு இல்லத்திற் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார். கணவரே எதிரியானார். தானும் துணைநின்றதாக, மன்னிப்புப் பெற்ற வேலையாள் சாட்சியளித்தான். உடந்தையாளன் சொல்லுக்குப் பிறசான்றின் துணை வேண்டுமன்றோ? கணவர் வீட்டை விட்டகன்றது முற்பகல் பத்தரை மணியளவில். உயிர் பிரிந்தது அதற்கு முன்னரா, பின்னரா என்பதே வினா.

பேராசிரியர் டீ சேரம் தூக்கிலிடப்பட்டோரின் உடல்கள் குளிரும் வேகத்தை அளந்தறிந்தவர். (குளிர்நாட்டுக் கணக்கு நம் வெப்பநாட்டுக்கு அப்படியே பொருந்தாது.) எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி சிமித்தும் எதிரிதரப்பிற் சாட்சியாக வந்தார். ஆயினும் உடற்சூடு நிமிடத்தைக் கூறாது. ஓர் எல்லையையே காட்டும். அவ்வெல்லை பத்தரைக்கு அப்பாலும் விரியின், ஐயத்தின் பயன் எதிரிக்கே உரியது. கொல்வின் ஆர். டீ சில்வா அவருக்காக வாதாடினார். 1953 யூன் 25இல் யூரர் அவரைக் குற்றவாளியல்லர் எனக் கண்டனர்.