சவுக்கில்லாத பாடம்

குழந்தைகளுக்கு ஜீவகாருண்யத்தைப் புகட்ட வேண்டும் என்பதை மறுப்பார் எவருமில்லை. நமது பாடப் புத்தகங்களில் அதைப் பற்றிய பாடங்கள் உண்டு. பரீட்சையில் கேள்விகளும் உண்டு. ஆயினும், அக்கேள்விக்குப் பிழையின்றி விடை எழுதிய சிறுவனே வீடு திரும்பும் வழியில் தெரு நாயின்மேல் கல்லெறிகிறான். குற்றம் சிறுவனுடையதன்று. ஏட்டில் கண்ட கருணை அவன் கைக்கு வந்து சேரவில்லை. ஆதலின், சாதுவான குதிரை ஒன்றை வகுப்பறைக்கே கொண்டுவந்து நிறுத்திப் பாடம் நடத்தலாம் என்ற யோசனையைக் கேட்டு நகைப்பவர்களோடு சேர்ந்து நகைக்க நமக்கு மனமில்லை. குதிரையைக் கொண்டு குழந்தைகளுக்குக் கருணை கற்பித்த சரித்திரம் அமெரிக்காவில் உண்டு.

டென்னஸி ராஜ்யத்து ஷெல்பிவில் நகரில் வாழ்ந்த வில்லியம் கீ என்பவர் 1833-ல் அடிமையாகப் பிறந்தவர். மிருக வைத்தியத்தைத் தாமே பயின்று தேர்ந்தவர். 1889-ல் அவருடைய அரபுக் குதிரை, கால்கள் கோணி நிற்கவும் மாட்டாத நோஞ்சான் குட்டி ஒன்றை ஈன்றது. பிழைக்காது என்று தோன்றிய அதற்கு ஜிம் என்று பெயரிட்டுப் பிள்ளைபோல் வளர்த்தார். சவுக்கைத் தொடாமல், பொறுமையையும் அன்பையும் கொண்டே அதைப் பழக்கினார். கேட்ட எழுத்தைப் பல்லால் கவ்வியெடுத்துச் சொற்களைக் கூட்டிக் காட்டும் ஜிம்மை, 1897-ல் நாஷ்வில் பொருட்காட்சியில் ஜனாதிபதி மக்கின்லியும் கண்டு வியந்தார். 1904-ல் ஸெயின்ட் லூயி பொருட்காட்சியிலும் அது பெரும் புகழ் பெற்றது. ஜிம்மின் பெயரால் ஏற்பட்ட கருணைச் சங்கத்தில், பிராணிகளிடம் என்றும் அன்பாயிருப்போம் என்று பிரதிக்ஞை செய்து சேர்ந்தவர்கள் 20 லட்சம் பேர் எனச் சொல்லப்பட்டது.

குதிரையாவது எழுத்துக் கூட்டுவதாவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதே 1904-ல் பெர்லினில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குக்கு விடை சொல்வதாகப் பேர் பெற்றிருந்தது. ஆஸ்கர் புங்ஸ்ட் என்பவர் அதை ஆராய்ந்து, 1907-ல் உண்மையை வெளியிட்டார். குதிரை கணக்குப் போடவில்லை; கேள்வி கேட்பவர் தம்மையறியாமல் காட்டும் சிறு தலையசைவைக் கண்டே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது. ஜிம்மும் அவ்வாறே செய்திருக்கலாம். அதனால் நமது கட்சி பலவீனமடைவதில்லை, வலுப்பெறவே செய்கிறது. மனிதன் தானே அறியாத முகக்குறிப்பை அறிந்துகொள்ளும் பிராணி, அவன் சவுக்கை ஓங்குவதன் பொருளை அறியாதிருக்குமா?

கருணைச் சங்கம் என்ற ஏற்பாடு 1875-ல் இங்கிலாந்தில் தோன்றியது. 1882-ல் அதை அமெரிக்காவில் தொடங்கியவர்களுள் பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் ஏஞ்செல் முக்கியமானவர். தொழிலால் அவர் வக்கீல். 1868-ல் இரண்டு குதிரைகளைப் பந்தயத்துக்காக ஏறக்குறைய 40 மைல் ஓட்டிச் சாகடித்த செய்தி அவரை உலுக்கிற்று. அவ்வருஷமே மாஸசூஸெட்ஸில் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கிச் சட்டமும் கொண்டுவரச் செய்தார். ஆனால் சட்டத்தோடு நிற்கவில்லை. பிற்காலமெல்லாம் பாடசாலைக் குழந்தைகளையே நாடினார். வக்கீல் தொழிலை அறிந்த நமக்கு அதன் காரணம் நன்கு விளங்குகிறது. நமது தேசத்தில் 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டம், முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அபராதத்தை உயர்த்துவது அவசியமே. எனினும், அடி விழுந்த பிறகே சட்டம் வரும். கை ஓங்குமுன் தடுக்க வல்லது பழக்கம் ஒன்றே.

அப்பழக்கத்தைக் குதிரை எப்படிக் கற்பிக்கும்? அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களில் அமைந்தவை. நேர் பின்னால் நிற்பவரை அது காணாது. ஆகவே பின்புறமாக நெருங்கலாகாது, தோள் பக்கமாக மெல்லப் பேசிக்கொண்டே செல்ல வேண்டும். காதுகள் பின்னோக்கி மடிந்தால் அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். விலகி நிற்க வேண்டும். தீனியை விரல்களால் நீட்டாமல் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். தன்னைக் காட்டிலும் பன்மடங்கு பலமுள்ள ஒரு ஜீவன் தன் கையிலிருந்து மிருதுவாகப் புல்லை எடுத்துக்கொள்ளும்போது, பலமுள்ளவன் சாதுவாகவும் இருக்கலாம் என்பதைக் குழந்தை கண்ணாரக் காண்கிறது. பிறர் குறிப்பறிந்து நடப்பதே கருணையின் முதற்படி அன்றோ?

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. குதிரையை வேடிக்கைப் பொருளாக்கிவிடக் கூடாது. நிழலும் தண்ணீரும் ஓய்வும் அதற்கு முதலில் வேண்டும். ஒரே சமயத்தில் நாற்பது பேர் மொய்க்க விடலாகாது. களைத்த குதிரையைக் காட்டிக் கருணை போதிப்பது பரிகாசமாகும். மற்றொன்று இதனினும் முக்கியமானது. நமது நாட்டில் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை அடிப்பதைத் தடுத்துவிட்டது. ஆயினும் பிரம்பு மறைந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எத்தனை பாடசாலைகளுக்கு இயலும்? மேஜைமேல் பிரம்பை வைத்துக்கொண்டு வாசலில் குதிரையை நிறுத்தினால், குழந்தை எதை நம்பும்? அடிபட்ட பிள்ளை தன்னினும் எளிய ஜீவனைத் தேடிப் போய் அடிக்கும். தெரு நாய்மேல் விழும் கல் பல சமயங்களில் வகுப்பறையிலிருந்தே புறப்படுகிறது.

மனிதரை மனிதர் சவுக்கால் ஆண்ட கொடுமைக்குள் பிறந்தவர் வில்லியம் கீ. பழிக்குப் பழி என்று அவர் அச்சவுக்கைத் தம் கையில் எடுத்திருக்கலாம். ஒரு குதிரையின் மீதேனும் ஓங்கியிருக்கலாம். அவர் அதைக் கீழே போட்டார். அவர் 1909-லும், ஜிம் 1912-லும் மறைந்தனர். அந்நியர் கைச் சவுக்கினின்று விடுபட்ட தேசத்தார் நாம். அதே சவுக்கை நாம் எளியோர்மேல் ஓங்குவதில்லை என்று காட்டினாலன்றோ நமது விடுதலை பூரணமாகும்? நமது பாடசாலைகள் குதிரையை அழைக்கட்டும். அதற்கு முந்திய நாள் பிரம்பை வெளியே எறியட்டும்.