ஜப்பானில் பள்ளிக்கூடங்கள் எரிந்த காலம்

மகாதீர் 1982இல் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்தது முதல், ஜப்பான் என்றாலே நமக்கு ஒழுக்கமும் உழைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அந்த நாடு நவீனமாகத் தொடங்கிய 1870களில், கிராம மக்கள் சில இடங்களில் புதுப் பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்தார்கள்.

இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஜப்பான் வெளியுலகத்தோடு ஒட்டாமல் இருந்தது. ஐரோப்பியர்களில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் நாகசாகி அருகே ஒரு குட்டித் தீவில் இடம் கிடைத்தது. 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் வந்து கதவைத் தட்டினார். 1868இல் ஷோகுன் ஆட்சி கவிழ்ந்து, மெய்ஜி பேரரசர் பெயரில் புதிய அரசு அமைந்தது. மூன்றே ஆண்டுகளில் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் கலைக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இதற்கான செலவு யார் தலையில் விழுந்தது?

பெரும்பங்கு விவசாயியின் தலையில். முன்பு விளைச்சலில் ஒரு பங்கை நெல்லாகக் கொடுத்தவர்கள், 1873 முதல் நிலத்தின் மதிப்பில் 3 விழுக்காட்டைப் பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. மழை பொய்த்தாலும், நெல் விலை சரிந்தாலும் வரி அதேதான். அதே ஆண்டு கட்டாய ராணுவச் சேவையும் வந்தது. அரசு அறிவிப்பில் ‘இரத்த வரி’ என்றொரு சொல் இருந்ததால், உண்மையிலேயே இரத்தத்தை எடுத்துவிடுவார்கள் என்று கிராமங்களில் வதந்தி கிளம்பியது.

பள்ளிக்கூடம் இதற்கு நடுவில்தான் வந்தது. 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 53,760 தொடக்கப்பள்ளிகளுக்குத் திட்டமிட்டது. ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாரும் படிக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் கட்டடச் செலவு ஊர்மக்கள் பொறுப்பு. மாதக் கட்டணம் பெற்றோர் பொறுப்பு. வயலில் உதவிக்கொண்டிருந்த பிள்ளையை அனுப்பிவிட்டுக் காசும் கட்ட வேண்டும்! எரித்தவர்களைப் படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கோயில்களிலும் வீடுகளிலும் நடந்த சிறு பள்ளிகளில் அவர்கள் ஏற்கெனவே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்தாம்.

1876இல் வெடித்த கலவரங்களுக்குப் பிறகு, நிலவரி 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பள்ளிக் கட்டணம் மட்டும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1890இல்கூடப் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் பள்ளியில் இருந்தனர். 1900இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கட்டணம் பொதுவாக நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சேர்க்கை 90 விழுக்காட்டைத் தாண்டியது.

பெண்பிள்ளைகள்தான் கடைசியாக வந்தார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்தப்பட்ட சிறுமிகளுக்காகச் சில ஊர்களில் தனி வகுப்புகள் தொடங்கப்பட்டன. முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டே அவர்கள் எழுத்துப் படித்தார்கள்.